அழிக்கலாமா என்று போன் கேட்டது

அண்ணன் லாரிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு போன் ரிப்பேர் கடை வாசலில் வந்து நின்றபோது, தம்பி யாருடைய போனையோ சூடாக்கி முதுகைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"டாக்டரே, என் போனுக்கு மூச்சு வாங்குது. எதைத் தொட்டாலும் யோசிச்சுதான் பதில் சொல்லுது, என் மாமனார் மாதிரி."

"மெமரி ரொம்பிப் போச்சுண்ணா. வழி முழுக்கப் பேசிப் பேசி ரெக்கார்ட் பண்ணினா பாவம் அது என்ன செய்யும்? போய்ட்டு வந்து குடு. ரூட் பண்ணி பறக்க விடறேன்."

"இப்பவே பாரேன்டா."

"கூட்டமா இருக்குண்ணா."

கூட்டம் என்று அங்கே இருந்தது ஒரே ஒருவர். அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "வழி விடுங்க சார், நெரிசல் தாங்கல" என்று அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனான்.

அவ்வளவுதான். சரக்கு இறக்கும் வரிசையில் காத்திருந்த நேரத்தில், ஓட்டுநர் இருக்கையிலேயே அவனுக்கு நெஞ்சடைத்துவிட்டது.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு அண்ணி போனைக் கொண்டுவந்தாள். ஆன் செய்தால் கம்பெனிச் சின்னம் வரும், போகும், மறுபடி வரும். அதற்கு மேல் நகரவில்லை.

"வண்டி நிக்கிற இடத்திலெல்லாம் எனக்குன்னு எதையாவது பேசி வைப்பார், தம்பி. வந்து பக்கத்துல உட்கார்ந்து போட்டுக் காட்டுவார். அனுப்புங்கன்னா அனுப்ப மாட்டார். நான் சிரிக்கிறதைப் பார்க்கணுமாம்." போனைத் துடைத்துக் கொடுத்தாள். "கடைசியா பேசினதை நான் இன்னும் கேட்கல."

"எடுத்துத் தர்றேன் அண்ணி" என்றான். நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்.

வழி அவனுக்குத் தெரிந்ததுதான். போன் எழ மறுக்கும்போது உள்ளே போக ரெக்கவரி என்று ஒரு பின்வாசல் உண்டு. கம்பெனி வைத்துக் கொடுக்கும் ரெக்கவரிக்குப் பெரும்பாலும் தெரிந்த வைத்தியம் ஒன்றே: எல்லாவற்றையும் அழிப்பது. அதை எடுத்துவிட்டு வெளியார் எழுதிய கஸ்டம் ரெக்கவரியைப் போட்டால், உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்ளலாம். பிறகு ரூட் செய்து, அதாவது போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்து, இடம் போதாமல் அண்ணனே அழித்த பதிவுகளையும் தேடிப் பார்க்கலாம். ஆனால் வேறு ரெக்கவரியை உள்ளே விட, முதலில் போனை எழுப்பிவிடும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் போன் துடைத்துப்போட்டதுபோல் காலியாகிவிடும்.

அது அவனுக்குத் தெரியாதா? ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் "பேக்கப் எடுத்தாச்சா?" என்று கேட்காமல் அவன் கம்பியைச் செருகியதே இல்லை. இந்தப் போனுக்குப் பயமில்லை என்று நினைத்தான். அண்ணனும் அவனும் ஒரே நாளில் ஒரே மாடலை வாங்கியவர்கள். பெட்டி பிரித்த அன்றே பூட்டைத் திறந்து வைத்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. திறந்த பூட்டை மறுபடி திறந்தால் போன் எதையும் கேட்காது. எதற்கும் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் பூட்டைத் திறக்கும் கட்டளையைத் தட்டினான்.

போன் கேட்டது. கறுப்புத் திரையில் பொடி எழுத்தில் ஒரு பத்தி வந்தது. அதற்குள் கட்டைவிரல் ஒலி பட்டனை மேலே அழுத்தி, பவர் பட்டனையும் அழுத்திவிட்டது. ஆயிரம் போனில் பழகிய விரல். கண் படிக்கும்வரை அது காத்திருக்கவில்லை.

எல்லாத் தரவும் அழியும், சம்மதமா என்று கேட்ட பத்தி அது. அன்று அவன் திறந்தது தன் போனின் பூட்டை மட்டும்.

கம்பியைப் பிடுங்கினான். பயனில்லை. சற்று நேரத்தில் போன் சுறுசுறுப்பாக எழுந்து, "வணக்கம், மொழியைத் தேர்ந்தெடுக்கவும்" என்றது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "அடடே, பிழைச்சிருச்சே!" என்றார்.

கெடுத்துவிட்ட வேலையை மறைக்க அவர்கள் தொழிலில் ஒரு வார்த்தை உண்டு. அதையே வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனான். அண்ணி இயர்போன் சிக்கலைப் பிரித்து மேசைமேல் நீளமாகப் போட்டு வைத்திருந்தாள்.

"போர்டு போயிருச்சு அண்ணி."

அவள் இயர்போனை மெதுவாகச் சுருட்டினாள். "போனா போகட்டும் தம்பி. நீங்க எவ்வளவு பாடுபட்டிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? முகமே சொல்லுதே. உட்காருங்க, தண்ணி கொண்டு வர்றேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் தண்ணீரை நீட்டியபோது அவன் கை நீளவில்லை.

"போர்டு போகல. நான்தான் அழிச்சேன்."

"தெரியாமதானே?"

"போன் கேட்டுச்சு அண்ணி. எல்லாம் அழியும், சரியான்னு கேட்டுச்சு. நான் படிக்கல. அமுக்கிட்டேன்."

தம்ளர் அவள் கையிலேயே இருந்தது. "அன்னைக்குக் கடைக்கு வந்தாரே, அப்பவே நீங்க..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதை அவன் முழுதாகக் கேட்டான்.

"போனைக் குடுங்க" என்றாள்.

"கழட்டி வெச்ச சிம்மைப் போட்டுத் தர்றேன்."

வேறு எதுவும் செய்யத் தெரியாமல் அதைச் செய்தான். சிக்னல் கோடுகள் எழுந்தன. ஒரு செய்தி வந்து விழுந்தது. இருவரும் குனிந்து படித்தார்கள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்க வரவும்.

லாரி அலுவலகம் எல்லா ஓட்டுநர்களுக்கும் மொத்தமாக அனுப்புவது. அண்ணனின் எண்ணை அதிலிருந்து இன்னும் யாரும் எடுத்திருக்கவில்லை.