அறுபத்து நாலு கிலோ

சவுரிமுத்து சிமெண்ட் ஆலையில் எடைக்கல்லாக வேலை பார்த்தார். நிரந்தர வேலை.

சூளைக்குப் போகிற சுண்ணாம்புக்கல்லை ஒரு ரப்பர் பெல்ட் ஓடஓட எடைபோட்டு ஊட்டும். வெய் ஃபீடர் என்பார்கள். நூறு கிலோவுக்கு அரைக் கிலோ தப்பலாம். அதற்கு மேல் கூடாது. அதனால் திங்கட்கிழமைகளில் ஓட்டத்தை நிறுத்தி, சவுரிமுத்துவை அதன்மேல் படுக்கவைப்பார்கள். திரையில் 64 வந்தால் மிஷின் யோக்கியம். இரும்புக் கல் என்றால் துருப்பிடிக்கும், வருஷாவருஷம் முத்திரைச் செலவு, தூக்க நாலு ஆள். சவுரிமுத்து தாமே நடந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தாமே ஏறிப் படுத்துக்கொள்வார்.

பதினெட்டு வருஷம் 64 தப்பவில்லை. மனைவி லூர்து அப்படிப் பார்த்துப் பார்த்துச் சோறு போட்டாள். போன மாதம் இறந்துபோனாள். அடுத்த திங்கட்கிழமை திரையில் 61 வந்தது.

இன்ஜினியர் பஞ்சநதம் திருப்புளியை எடுத்தார். சவுரிமுத்து படுத்தபடியே, மிஷின் மேல் தப்பில்லை, மூன்று கிலோ தன்னிடம்தான் போய்விட்டது, அதைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் போதும் என்றார். லூர்து போனதற்கு வேறு எங்கும் அத்தாட்சி இல்லாததுபோல் இருந்தது அவருக்கு.

"நீங்க எடைக்கல்லு, சவுரி. எடைக்கல்லு எப்பிடிக் கொறையும்? மத்ததுதான் கூடியிருக்கணும்."

மிஷினின் திருகாணியைத் திருகினார். 64 வந்தது. பதிவேட்டில் 'மாற்றமில்லை' என்று எழுதினார்.

அன்றிலிருந்து எல்லாம் கனத்தது. லாரிகள் மேடு ஏறவில்லை. காலனிப் பெண்கள் குடத்தைப் பாதி வழியில் இறக்கிவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண்பது கிலோ பஞ்சநதம் எண்பத்து நாலானார். சட்டை என்னவோ அதே அளவுதான். மின்செலவு ஏன் கூடியது என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. பதில் எழுத உட்கார்ந்தார்; பேனாவைத் தூக்க முடியவில்லை.

மறு திங்கட்கிழமை அவர் பெல்ட் மேடையின் படி ஏறிவர ஒரு மணி நேரம் ஆயிற்று. சவுரிமுத்து ஏற்கெனவே படுத்திருந்தார். திரையில் 63.

"இன்னும் ஒண்ணா?"

"ஆமா சார்."

திருப்புளி பாதி வழியில் நின்றது.

"இவ்ளோ கனமா இருக்கே, சவுரி. இதோடயா நடமாடிட்டிருந்தீங்க?"

"மூணு கிலோதான் சார்."

பஞ்சநதம் திருப்புளியைக் கீழே வைத்தார். தம் டிபன் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைப் பிசைந்தார். தலையைத் தாங்கிப் பிடித்தால் எடை தப்பும், தாங்காமலே ஊட்டினார். 63.04. 63.09. மூன்றாவது கவளத்தில் சவுரிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவசரமாக இமையை மூடிக்கொண்டார்.

"கொறைஞ்சிரும் சார்."

பஞ்சநதம் திரையைப் பார்த்தார். கண்ணீர் காதோரம் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. எண் அசையவில்லை.

"கொறையல. பெல்ட்டுமேலதான விழுது. அழுங்க."

அடுத்த கவளத்தை உருட்டினார்.