சல்லடையில் நின்ற நார்

முடிச்சூர் வீட்டின் மேற்குச் சுவரை இரண்டு முறை பூசியாகிவிட்டது. இரண்டு முறையும் ஈரம் காயக் காயப் பூச்சு சுருங்கி, மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக வெடித்தது. இன்னொரு தடவை வெடித்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று வீட்டுக்காரர் லாசரஸ் சொல்லிவிட்டார். பூச்சு வேலை எடுத்திருந்த ஃபைஸுக்குக் கையில் இருந்தது அந்த ஒரு வேலைதான்.

தாம்பரம் கடையில் ஃபைபர் பாக்கெட் வாங்கி வந்தான். வெள்ளை முடி மாதிரி நார். கலவைக்குள் பரவி இழுத்துப் பிடித்துக்கொண்டால் சுருங்கும்போது வெடிக்காது என்றார்கள். காலையில் அதை மணலில் தூவிக் கிளறிவிட்டு, "சிமெண்ட்டப் போட்டுக் கலக்குக்கா" என்று சித்தாள் லோகநாயகியிடம் சொல்லிவிட்டு சாரத்துக்குக் கம்பு பார்க்கப் போனான். போன இடத்தில் மனசு நிற்கவில்லை. கம்பு எடுக்காமலே மதியம் திரும்பினான்.

கதிரேசன் கொத்தனார் சுவரை முடித்து, மட்டப்பலகையால் தேய்த்துக்கொண்டிருந்தார். வழவழவென்று இருந்தது. அதுதான் உறுத்தியது. ஃபைஸ் கிட்டப் போய்ப் பார்த்தான். ஓர் இழைகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

"அக்கா, நார் எங்க?"

"இன்னா நாரு? மண்ணுல ஒரே முடியாக் கெடந்துச்சு பாய். எவ தலைய வாரிப் போட்டாளோ. எல்லாத்தையும் சலிச்சுக் கொட்டிட்டேன்."

கதிரேசன் சிரித்தார். "சோத்துல முடி கெடந்தா துன்னுவியா? உடு பாய். இந்த வாட்டி வெடிக்காது."

போன வாட்டியும் இதைத்தான் சொன்னார். ஃபைஸ் பூச்சுக் கரண்டியை எடுத்து மேலிருந்து வழித்தான். ஈரப் பூச்சு தொப்பென்று விழுந்தது.

"இன்னா பாய், பைத்தியமா? என் கை வேல அது. இன்னொரு தபா வழிச்சின்னா கெளம்பிடுவேன்."

ஃபைஸ் இன்னொரு தபா வழித்தான். கதிரேசன் பலகையைக் கழுவிப் பையில் போட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

மீதிப் பூச்சையும் வழித்துத் தள்ளிவிட்டு, புது பாக்கெட் வாங்கி வந்து, லோகநாயகி கலவை எடுத்துக் கொடுக்க, ஃபைஸே பூசினான். கரண்டி பிடித்து வருஷக்கணக்காகியிருந்தது. மேடும் பள்ளமுமாக, இழை நீட்டிக்கொண்டு நின்றது சுவர். தினமும் போய்த் தண்ணீர் அடித்தான். தண்ணீர் அடிக்காத நேரத்திலும் போய் நின்றான்.

சுவர் காய்ந்தபின் லாசரஸ் வந்து மெதுவாகத் தடவிப் பார்த்தார். வெடிப்பு இல்லை.

"என்னப்பா, சுவருக்கு தாடி முளைச்சிருக்கு?"

"வெடிக்கல சார்."

"அது சரி. உள் சுவரையும் நீயே எடுத்துக்க. ஆனா கதிரேசன்தான் பூசணும். உன் கை வேணாம்."

ஃபைஸ் கதிரேசன் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினான்.