அக்கா மகள் மறித்த பிரசங்கம்

தென்கடல் நடுவே வவாவு தீவில் எங்கள் ஊர் வேதக்கோயிலில், என் பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பம் தனக்கு வரும் பிரசங்க முறையைத் தவறவிட்டதில்லை. என் தகப்பனார் குளிர்காய்ச்சலோடு பீடம் ஏறியிருக்கிறார்.

அப்படிப்பட்ட வீட்டில் என் அக்கா மகள் லெசியேலி கோயிலுக்கு வருவதில்லை. ஆக்லாந்தில் தாயை அடக்கம் செய்துவிட்டு எங்களிடம் வந்தவள். ஞாயிறு ஆராதனைக்கு அழைக்கும் மேளம் ஒலித்தால் முன்வாசல் படியில் உட்கார்ந்துகொள்வாள். ஊர் அவளைப் பார்த்தபடியே கோயிலுக்குப் போகும்.

வேறு பெண் என்றால் ஒரு சொல்லில் எழுப்பியிருப்பேன். எங்கள் வழக்கில் அக்காவின் பிள்ளை தாய்மாமனுக்கு மேல். அவள் கேட்டால் வீட்டிலுள்ள பாயையும் பன்றியையும் கொடுத்தாக வேண்டும்; அவளுக்கு நான் கட்டளையிட முடியாது. அதனால் ஆள் அனுப்பினேன். போதகர் வந்து பேசினார். வாலிபர் சங்கத்துப் பெண்கள் வந்து பாடினார்கள். எல்லோருக்கும் இளநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

"ஊரையே முழங்கால் போட வைக்கிற வாய், ஒத்தப் புள்ளகிட்ட தூது அனுப்புது," என்றாள் என் மனைவி சியூ.

அக்கா போனதிலிருந்து எனக்கு எல்லாமே சுமையாக இருந்தது.

என் முறை வந்த ஞாயிறு, கோயில் மரியாதைக்கான பாயை உடைமேல் இடுப்பில் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு கிளம்பினேன். பாடகர் குழுவுக்காக சியூ முன்பே போயிருந்தாள். படியிலிருந்த லெசியேலி வழி விடவில்லை. தூக்கமில்லாத கண்கள். சாப்பாட்டையும் கொறிப்பதோடு சரி.

"மாமா, இன்னைக்குப் போகாதீங்க."

பிரசங்கமே நான்தான் என்றேன்.

"தெரியும். அதான் கேக்குறேன். கேக்க எனக்கு உரிமை இருக்கா, இல்லையா?"

இருந்தது. மேளம் மறுபடி ஒலித்தது. பீடம் ஒருபுறம், அக்காவின் ரத்தம் ஒருபுறம். எதை மிதித்தாலும் மிதிபடுவது எங்கள் பெயர். சாலையில் போன கோயில் மூப்பரைக் கூப்பிட்டு, வேறு யாரையாவது பேசச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"அங்க சொல்ல இருந்தத எனக்குச் சொல்லுங்க. பீடத்துக் குரல் மட்டும் வேண்டாம்."

எலியாவைப் பற்றிச் சொன்னேன். ஓடி ஓடி ஓய்ந்து, ஒரு செடியின் கீழே படுத்து, இனி முடியாது, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டிய தீர்க்கதரிசி.

"எந்திரிடான்னு ஆண்டவர் திட்டினாரா?"

"இல்லம்மா. தூதன் வந்து அடையும் தண்ணியும் வச்சான். தின்னுட்டு மறுபடியும் படுத்துட்டாரு. அப்பவும் திட்டல. திரும்பத் தட்டி எழுப்பி, இன்னும் சாப்பிடு, நீ போக வேண்டியது ரொம்ப தூரம்னான்."

கோயிலில் பாட்டு தொடங்கியிருந்தது.

"நீங்க அனுப்புன யாருமே இதச் சொல்லல. எல்லாரும் எந்திரி, எந்திரின்னாங்க." பிறகு கேட்டாள்: "நீங்க இத நம்புறீங்களா மாமா?"

இத்தனை வருடத்தில் பீடத்தின் முன் உட்கார்ந்த எவரும் என்னிடம் கேட்காதது.

"உங்கம்மா போன அன்னைக்கு நம்பல," என்றேன். "மறுநாள் காலையில எப்படியோ எந்திரிச்சேன். யாரு எழுப்புனாங்கன்னு யோசிச்சா, எனக்கு வேற பதில் வரல."

அவள் தலையைச் சுவரில் சாய்த்தாள்.

"பசிக்குது."

ஞாயிறு உணவு மண்ணுக்குள் வேகும் அடுப்புக் குழியைக் கோயில் விடுமுன் திறப்பது எங்கள் வீட்டில் இல்லாத பழக்கம். திறந்தேன். சேம்பிலையில் பொதிந்த இறைச்சியையும் கிழங்கையும் எடுத்துவந்தேன். விரல் சுடச்சுடத் தின்றாள்.

"அடுத்த ஞாயிறும் நான் வர மாட்டேன்னு நெனக்கிறேன், மாமா."

"சரி."

"சாயங்காலம் மீதியச் சொல்லுங்க. அந்தாளு எங்க போனாருன்னு."

சொல்லிக்கொண்டே படியில் சுருண்டு தூங்கிப்போனாள்.

கோயில் விட்டது. ஊர் முழுவதும் எங்கள் வேலியைக் கடந்து போனது. மூப்பர் நின்று, நான் எழுந்து வந்து காரணம் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் எழுந்தால் பழைய பலகைப் படி முனகி அவளை எழுப்பிவிடும். முதுகை நிமிர்த்தியபடி உட்கார்ந்தே இருந்தேன்.