கையெழுத்தில்லாத டிரைவர்

மாமனாரின் லேபிள் அச்சகத்தில் மாப்பிள்ளைக்கு எல்லா வேலையும் உண்டு, மரியாதை ஒன்றுதான் கிடையாது. அவர் எங்கிருந்தோ பழைய ஸ்டிக்கர் வெட்டும் மெஷினை வாங்கி வந்தபோதே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். யார் காதில் விழுந்தது?

பயந்தபடியே ஆனது. மெஷினை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை ஏற்கவே மாட்டேன் என்றது கம்ப்யூட்டர். யார் தயாரித்தது என்பதற்கு அத்தாட்சிக் கையெழுத்து இல்லையாம். எப்படி இருக்கும்? மெஷின் கம்பெனி மூடி எத்தனையோ காலமாகிறது. டிரைவரோ, மனைவியின் தம்பி ஊர்பேர் தெரியாத இணையதளத்தில் தேடிப் பிடித்தது.

“கம்ப்யூட்டர் சொல்றதக் கேப்பீங்களா மாப்ள, நான் சொல்றதக் கேப்பீங்களா?” என்றார் மாமனார்.

கையெழுத்தைச் சோதிக்கும் அந்தக் காவலை விலக்கினால் கண்டகண்ட வைரஸும் உள்ளே வரும் என்று படித்துப் படித்துச் சொன்னான். கடைசியில் அவனே விலக்கினான். மெஷின் கடகடவென்று ஓடியது. கல்யாணமான பிறகு முதல் தடவையாக மாமனார் தோளில் தட்டிக்கொடுத்தார். அதற்கே அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, வெட்கக்கேடு!

ஆனால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் காவல் திரும்பிவிடும். தினமும் காலையில் அவன் உட்கார்ந்து விலக்கும்வரை மெஷின் சும்மா நிற்கும். மாமனாருக்குப் பொறுமை ஏது? ஒரேயடியாக எடுத்துவிடச் சொன்னார். தட்டிக்கொடுத்த கையை நினைத்துக்கொண்டு எடுத்தான்.

கொஞ்ச நாளில் வாடிக்கையாளர்களின் டிசைன்கள் அத்தனையும் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டன. டிரைவரோடு ஒட்டிக்கொண்டு வந்தது வேலையைக் காட்டிவிட்டது. சண்டைக்கு வந்தவர்களிடம் மாமனார் கூசாமல் கை காட்டினார்.

“தெறந்து விட்டது எங்க மாப்பிள்ளைதான்.”

மனைவியின் தம்பி டீ குடிக்கக் கிளம்பிவிட்டான். வீட்டுக்குப் போனால், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று மனைவி கேட்டாள். தொண்டை வற்றச் சொன்னேன் என்றான். அப்படியானால் அப்பா பொய் சொல்கிறாரா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பாஸ்வேர்டை மாமனார் தன் மகனான அந்தத் தம்பியிடம் மட்டும் கொடுத்தார். மகன் அதே மெஷினை மாட்டி, அதே இணையதளத்திலிருந்து அதே டிரைவரை இறக்கினான். அதே எச்சரிக்கை திரையில் வந்தது. மாப்பிள்ளை பதறிப்போய் நாற்காலியை விட்டு எழுந்தான்.

“நீங்க கிட்ட வராதீங்க மாப்ள. ஒரு தடவ பட்டது போதும்” என்று தடுத்தார் மாமனார்.

மகன் காவலை எடுத்துவிட்டான். மெஷின் ஓடியது. மாமனார் பெருமையாக மகனின் தோளில் தட்டிக்கொடுத்தார்.