பிரித்துவிட்ட தையல்

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்ற தையல்காரி, குனிந்து எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். போன தடவையைவிட இரண்டு கிலோ கூடுதல்!

அவளுக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் அதிகம்; படி ஏறினாலே மூச்சு வாங்கும். எடை ஏறினால் உடம்பில் நீர் கோத்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீர் என்றால் மாடியில் பூட்டிக்கிடக்கும் தையல் கடையை மறந்துவிட வேண்டியதுதான். போன வாரம் பேன்ட் கெண்டைக்காலில் இறுக்கியபோதே அவளுக்குப் பக்கென்றது. ஒருவரிடமும் மூச்சு விடாமல் தையலைப் பிரித்து விட்டுக்கொண்டாள்.

"நேத்து என் தட்டையும் சேர்த்துக் காலி பண்ணீங்களே அண்ணி, அதுதான் இது," என்றாள் துணைக்கு வந்த நாத்தனார்.

"வாயை மூடுடி. கால் வீங்கியிருக்கான்னு பாரு."

நாத்தனார் குனிந்து அமுக்கினாள். நீர் கோத்திருந்தால் விழும் குழி விழவில்லை. "கல்லு மாதிரி இருக்கு!"

அங்கே உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண், உடம்பில் நீர் எவ்வளவு, தசை எவ்வளவு என்று காட்டும் வேறொரு இயந்திரத்தில் தையல்காரியை வெறுங்காலோடு நிற்கவைத்து, இரண்டு கைப்பிடிகளைப் பிடிக்கச் சொன்னாள். வந்த தாளைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"நீர் ஏறலைக்கா. கூடினதெல்லாம் தசை. நாற்காலியில உக்காந்து உக்காந்து எழுந்தீங்கல்ல, வீண் போகலை."

"அப்போ கடைக்கு?"

"நடந்து காட்டுங்க, சொல்றேன்."

ஆறு நிமிட நடை. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். முன்பு நடைகூடத்துப் பாதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டவள், இன்று சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. கூட யாரும் பேசக் கூடாது என்பதால் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாகக் குதித்தாள்.

"படி ஏறலாம். நடுவுல நின்னு, மெதுவா. தலை சுத்தினா உடனே உக்காந்துடணும்."

அன்று மாலையே ஏறினாள். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். பையைத் தூக்கிவந்த நாத்தனார் கீழே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அண்ணி, எனக்கு இளைக்குது..."

"வீட்டுல நாற்காலி சும்மாதானே கிடக்கு, உக்காந்து எழு!"

பூட்டு முரண்டு பிடித்துத் திறந்தது. தூசியைத் துடைத்து, மெஷினில் நூல் கோத்தாள்.

"முதல் தையல் யாருக்கு அண்ணி?"

"எனக்குத்தான். இந்தப் பேன்ட்டை இன்னும் ஒரு விரற்கடை விட்டுத் தைக்கணும்."

"இப்போ சரியாத்தானே இருக்கு?"

"வளர்ற பிள்ளைக்கு விட்டுத்தாண்டி தைக்கணும்," என்று காலை நீட்டிக் காட்டினாள் தையல்காரி.