இரண்டை அழுத்தவும்

நஃபீசா மடவை மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஃப்ரிட்ஜின் மேலிருந்த பட்டன் போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. அது யாரோடும் பேசுவதற்கான போன் அல்ல. அவள் கணவன் ஜெக்கரியாவின் ஊர் சிம் அதில் கிடந்தது. அவன் குவைத்தில் இருந்த காலத்திலிருந்தே இந்த ஏற்பாடுதான். கூத்தாநல்லூரில் வெளிநாட்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் சிம்மைக் கழற்றிப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். அங்கே கொண்டுபோனால் ரோமிங்கில் காசு கரையும். வீட்டில் இருந்தால் பேங்க் அனுப்பும் நம்பரை அவள் வாட்ஸப்பில் படித்துச் சொல்லிவிடுவாள். ஊரே செய்கிற காரியம் என்பதால் அதில் கோளாறு வரும் என்று யாரும் நினைத்ததில்லை.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். கார்டிலிருந்து ஒரு சின்னத் தொகை கழிந்திருந்தது. டீயும் வடையும் சாப்பிட்டால் ஆகும் அளவுக்கு, ரூபாயும் பைசாவுமாக ஒரு கோணல் கணக்கு. கடைப் பெயர் கிடையாது, ஊர்ப் பெயர் கிடையாது. நேற்று அவன் கோலாலம்பூரில் ஓட்டலுக்குக் கட்டியபோது வந்த மெசேஜில் எல்லாம் சரியாக இருந்தது, அவனும் போன் செய்து சொன்னான். இதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிவாசல் தெரு அல்லா பிச்சை மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கார்டுத் திருடர்கள் முதலில் சில்லறையை எடுத்துப் பார்ப்பார்களாம். எவனும் கேட்கவில்லை என்று தெரிந்தால் மிச்சத்தை வழித்துக்கொண்டு போய்விடுவார்களாம். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததெல்லாம் போய், மனிதர் இப்போது தெருவில் நிமிர்ந்து நடப்பதில்லை.

ஜெக்கரியா முந்தாநாள்தான் கோலாலம்பூர் போயிருந்தான். தம்பி ஃபாஜில் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறான். பைக்கில் போனவனை லாரி தட்டிவிட்டது, ஆப்பரேஷன் செய்யவேண்டி வரும் என்றார்கள். மாடி எடுப்பதற்காக வருஷக்கணக்கில் சேர்த்த பணம் முழுக்க அந்தக் கார்டு கணக்கில்தான் இருக்கிறது. கிளம்பும்போது ஜெக்கரியா, "மாடிய அப்பறம் பாத்துக்கலாம் நஃபீசா, என்ன சொல்ற?" என்று கேட்டான். அவள், "இதக் கேக்கணுமா மச்சான்?" என்றாள். அதை அவள் மனசாரத்தான் சொன்னாள். ஆனால் ஃபாஜிலுக்குப் போவது வேறு, எவனோ திருடனுக்குப் போவது வேறு.

தன் போனை எடுத்து வாட்ஸப்பில் கூப்பிட்டாள். போகவில்லை. மெசேஜ் போட்டாள். ஒற்றை டிக்கோடு நின்றது. ஆஸ்பத்திரியில் வார்டுக்குள் போனால் இன்டர்நெட் கிடைக்காது என்று அவன் சொல்லியிருந்தான். உள்ளறையில் ஃபாஜிலின் மனைவி மர்யம் தொழுகைப் பாயை விட்டு எழாமல் யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு. செய்தி வந்த நாளிலிருந்து எந்த போன் அடித்தாலும் அவள் ஓதல் நின்றுவிடும், பிறகு நடுங்கி நடுங்கித் தொடரும். இப்போதும் நின்றது.

"என்ன லாத்தா?"

"ஒண்ணுமில்லம்மா. ரீசார்ஜ் மெசேஜு."

அடுத்த மெசேஜ் வந்தது. இந்த முறை தொகையை விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். கணக்கில் இருப்பதில் பெரும்பகுதி. ஏதோ ஒரு கம்பெனியின் பெயர், கடைசியில் சிங்கப்பூர். பரிவர்த்தனை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று இருந்தது. அவள் பத்தாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தாள். எப்படிப் படித்தாலும் சிங்கப்பூர் மலேசியாவாக மாறவில்லை.

பட்டன் போன் அடித்தது. பதிவு செய்த பெண் குரல். தமிழுக்கு மூன்று என்றது, அழுத்தினாள். உங்கள் அட்டையில் சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை ஒன்று நடந்துள்ளது, இதைச் செய்தது நீங்கள் என்றால் ஒன்றை அழுத்தவும், இல்லையென்றால் இரண்டை அழுத்தவும் என்றது. எவ்வளவு மரியாதையான குரல்! பேங்க் என்று சொல்லி எவன் கூப்பிட்டாலும் கட் பண்ணு என்பது அல்லா பிச்சை மாமாவுக்குப் பிறகு தெருவில் எழுதாத சட்டம். ஆனால் இந்தக் குரல் நம்பர் கேட்கவில்லை, ரகசியம் எதுவும் கேட்கவில்லை. ஒன்றா இரண்டா, அவ்வளவுதான்.

செய்தது நீங்கள் என்றால். அவள் எதையும் செய்யவில்லை, மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றை அழுத்தி, அது திருடனாக இருந்தால் ஃபாஜிலின் ஆப்பரேஷனுக்கு ஒரு பைசா மிஞ்சாது. இரண்டை அழுத்தி, அது ஜெக்கரியாவாக இருந்தால்? அவனாக இருந்தால் சொல்லாமல் செய்வானா? குரல் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கியது. அவளுக்கு யோசிக்கப் பயமாக இருந்தது, யோசிக்காமல் இருக்க அதைவிடப் பயமாக இருந்தது. இரண்டை அழுத்தினாள். பொத்தானில் மீன் செதில் ஒட்டிக்கொண்டது.

உங்கள் அட்டை பாதுகாப்புக்காக முடக்கப்பட்டது, நன்றி என்றது குரல்.

உள்ளுக்குள் ஒரு பெருமிதம் வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. அந்த வேகத்தில் மர்யமிடமே போய்ச் சொன்னாள். "எவனோ கார்டுல கை வெச்சுட்டான் மர்யம். சிங்கப்பூர்லேருந்து. நல்லவேள, நான் பாத்துத் தடுத்துட்டேன்." மர்யம் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மீனுக்கு மஞ்சள் தடவி முடிக்கவில்லை, ஜெக்கரியாவின் அழைப்பு வந்துவிட்டது.

"நஃபீசா, கார்டு போவ மாட்டேங்குது. மூணு தடவ தேச்சுட்டாங்க. பேங்க்லேருந்து மெசேஜ் எதுனா வந்துச்சா?"

"மச்சான், அது சிங்கப்பூருன்னு..."

"இங்க ஆஸ்பத்திரியில வெச்சிருக்கிற மிஷினு சிங்கப்பூர் கம்பெனியோடது. ஏன்?"

"அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு காசு போச்சே? திருடன்தான் பாக்குறான்னு..."

"அது நேத்து ஓட்டலுக்குக் கட்டுனேன்ல, வெளிநாட்டுல தேச்சதுக்கு பேங்க் தனியா எடுக்குற காசு. நஃபீசா, நீ என்ன பண்ண?"

அவள் சொன்னாள். அவன் திட்டியிருந்தால் தேவலை. "தலைக்குள்ள ரத்தம் கட்டிருக்காம். சாயந்தரத்துக்குள்ள எடுத்தாகணுங்குறாங்க. பணம் கட்டாம தியேட்டருக்குள்ள ஏத்த மாட்டாங்களாம்" என்றான். அவன் குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. குவைத்தில் வேலை போனபோதுகூட அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. திரும்பினால் வாசல்படியில் மர்யம் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சற்று முன் ஒற்றிக்கொண்ட கண்கள் இப்போது நஃபீசாவை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தன. ஃபாஜிலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் கண்களுக்கு முன்னால் இதே வீட்டில் காலம் முழுக்க எப்படி நடமாடுவது?

ஜெக்கரியா அங்கிருந்து ஏற்கெனவே பேங்குக்குப் பேசிப் பார்த்திருந்தான். பதிவான எண்ணிலிருந்து கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார்களாம். பதிவான எண் மீன் வாடையோடு நஃபீசாவின் கையில் இருந்தது. அவள் அதிலிருந்து கூப்பிட்டாள். எத்தனையோ பொத்தான்களுக்குப் பிறகு நிஜமான ஒரு பெண் பேசினாள், சின்ன வயசுக் குரல்.

"கார்டு வெச்சிருக்கவங்கதான் பேசணும் மேடம். நீங்க பேசுனா எதுவும் பண்ண முடியாது."

"இருங்க, அவரு லைன்ல இருக்காரு" என்று நஃபீசா ஸ்பீக்கரைப் போட்டு, பட்டன் போனையும் தன் போனையும் வாயும் காதுமாகச் சேர்த்துப் பிடித்தாள். அதிலிருந்து இதற்கு, இதிலிருந்து அதற்கு. ஜெக்கரியா தன் பெயரைச் சொன்னான், பிறந்த தேதியைச் சொன்னான். பாதி கரகரத்தது. அவள் குறுக்கே, "எழுபத்தொம்போதுங்க, எழுபத்தொம்போது" என்று எடுத்துச் சொன்னாள்.

"மேடம், நீங்க சொல்லக்கூடாது. பக்கத்துல வேற போன் எதுலயோ பேசுறாங்களா? இப்ப யாரோட நம்பர்லேருந்து பேசுறீங்க?"

"அவரோடதுதாங்க."

"அவரு எங்க இருக்காரு?"

"மலேசியாவுல."

"அப்ப நீங்க யாரு?"

அந்தப் பெண் மிரட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். நஃபீசாவுக்குத்தான் உடம்பெல்லாம் வியர்த்தது. இன்னொருவர் சிம், இன்னொருவர் கார்டு, வேறொரு போனுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் ஒரு பெண். அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருந்தால் இதற்குள் கட் பண்ணியிருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. "அவரு சம்சாரங்க. ஆஸ்பத்திரியில உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கு ஒரு புள்ள. வெச்சுறாதீங்கம்மா, ஒங்க கால்ல விழுறேன், வெச்சுறாதீங்க" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சிறிது நேரம் கீபோர்டு தட்டும் சத்தம். "சரி. இதுக்கு மட்டும் சார் பதில் சொல்லணும், நீங்க பேசக்கூடாது. அக்கவுன்ட்டுல நாமினியா யாரைப் போட்டிருக்கீங்க?"

நஃபீசா உதட்டைக் கடித்துக்கொண்டாள். தன் பெயர்தான் என்று அவளுக்குத் தெரியும், வேறு யார் பெயர் இருக்கும்? சொல்லுங்கள் மச்சான், சீக்கிரம் சொல்லுங்கள் என்று மனசுக்குள் கத்தினாள்.

"ஃபாஜில்" என்றான் ஜெக்கரியா. "என் தம்பி. நிக்காவுக்கு முந்தியே தொறந்த கணக்கும்மா அது. மாத்தவே இல்ல."

வாசல்படியில் நின்ற மர்யம் கீழே உட்கார்ந்துவிட்டாள். நஃபீசாவுக்கு நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைத்தது. அதைத் தடவிப் பார்க்க நேரமில்லை.

"லைன்லயே இருங்க சார். மேலதிகாரிகிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்றாள் பேங்க் பெண். ஏதோ ஒரு இசை ஆரம்பித்தது.

நஃபீசாவின் கையில் போன் ஒன்றின் மேலிருந்து ஒன்று நழுவியது. மர்யம் தரையிலேயே நகர்ந்து வந்து, தன் இரண்டு கைகளாலும் அவள் கையைச் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். பட்டன் போனின் இசை மற்ற போனுக்குள் புகுந்து மலேசியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு தள்ளுவண்டியின் சக்கரச் சத்தமும், ஃபாஜில் பெயரைத் தப்பாக உச்சரித்துக் கூப்பிடும் ஒரு பெண்ணின் குரலும், "ஒன் மினிட், ஒன் மினிட் சிஸ்டர்" என்று ஜெக்கரியா கெஞ்சுவதும் கேட்டன. இசை முடிந்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது.