எந்தச் செல்வராசா

யாரைக் கண்டாலும் எந்த ஊர் என்று கேட்காத தமிழன் இந்தப் பூமியில் ஒருவன்தான் இருக்கிறான். அவன் டோர்ட்மண்டில் வசிக்கிறான், பெயர் டெனிஸ்டன். இந்தத் தகவலை உலகுக்கு அளித்தவனும் டெனிஸ்டன்தான். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிற பிள்ளை, கணக்கெடுத்துத்தான் சொல்லியிருப்பான் என்று கேட்டவர்கள் விட்டுவிட்டார்கள்.

"ஊர் கேக்கிறது ஒரு நோய்," என்பான். "ரெண்டு தமிழர் சந்திச்சால் மூண்டாவது கேள்வி ஊர். நாலாவது, ஆரின்ரை பிள்ளை. அஞ்சாவதிலை ரெண்டு பேரும் சொந்தக்காரர். இந்த நேரத்துக்கை ஜேர்மன்காரன் ஒரு பாலமே கட்டி முடிச்சிடுவான்."

அவன் தினமும் ரயிலேறும் இடத்தில் ஒரு பாலம் நான்கு வருடமாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

டெனிஸ்டனுக்கு எல்லாமே ஹாமர்ஸ்தான். டோர்ட்மண்டில் ஃபுட்போல் என்றால் ஊரே மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு போகும் ஒன்று இருக்கிறது. இது அதல்ல. இது தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்போல். ஹாமர்ஸ் இரண்டாம் பிரிவுக் கழகம். ஆட்டத்துக்கு அறுநூறு பேர் வந்தால் கழகத் தலைவர் கண் கலங்குவார். அந்த அறுநூறில் ஒன்பது பேர் தமிழர். மைதானத்தின் மூலையில், எஃப் பிரிவில் இருப்பார்கள். ஜெர்மனியில் மூன்று பேர் சேர்ந்தால் சங்கம். ஒன்பது பேர் சேர்ந்துவிட்டதால் யாப்பு என்ற சங்க விதிகளும் கூட்டக் குறிப்பும் வந்துவிட்டன. குறிப்பு எழுதுவது தேனுஜா, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். மேளம் அடிப்பது நகரப் பேருந்து ஓட்டும் முருகேசன் அண்ணை. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் கமலநாயகி அக்கா எல்லோருக்கும் தின்ன ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவருவார். மெகாஃபோன் டெனிஸ்டனுடையது.

அந்த மெகாஃபோன் அவனுக்கு எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டும். வீட்டில் அவன் வாயைத் திறந்தால் தாய் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார். விரிவுரையில் கை உயர்த்தினால் பேராசிரியர் மணிக்கூட்டைப் பார்ப்பார். எஃப் பிரிவில் மட்டும், அவன் "ஹா" என்றால் எட்டுப் பேர் "மர்ஸ்" என்பார்கள். மூன்று வருடமாக ஒருவரும் தவறியதில்லை.

போன ஆவணியில்தான் அந்த அவமானம் நடந்தது. ஹாகன் ரைனோஸ் அணியோடு கடைசி ஆட்டம். இரண்டாம் பிரிவு ஆட்டங்களில் சட்டையில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். ரைனோஸின் வைட் ரிசீவர், அதாவது ஓரத்தில் நின்று, ஓடிப்போய், நீளமாக எறியும் பந்தைப் பிடிக்கிறவன், எண்பத்துநாலாம் இலக்கம். முருங்கைக்காய் மாதிரி ஒரு உருவம். எதிரணியில் ஒருவனுக்கும் விளங்காது என்ற பூரண நம்பிக்கையில் டெனிஸ்டன் மெகாஃபோனில் தூய தமிழில் கேட்டான்:

"எண்பத்துநாலு, கொம்மா உனக்குச் சோறு போடுறேல்லையே?"

எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காவலுக்கு நின்ற ஜெர்மன்காரர் ஏதோ நாட்டார் பாடல் என்று நினைத்துத் தாளம் போட்டார். டெனிஸ்டன் பதினேழு தடவை கேட்டான். கடைசி நிமிடத்தில் எண்பத்துநாலு எஃப் பிரிவுக்கு நேர் முன்னால் எம்பிப் பந்தைப் பிடித்து, ஆட்டத்தை வென்று, எழுந்து, டெனிஸ்டனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தான். அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. விரல் ஒரு பக்கம், பல் வைத்தியரிடம் திறப்பதுபோலத் திறந்த டெனிஸ்டனின் வாய் மறுபக்கம்.

இந்த வைகாசியில் ஒரு புதன்கிழமை, எஸ்-பான் ரயிலில் வீடு திரும்பும்போது கைபேசியில் கழகத்தின் அறிவிப்பு வந்தது. புதிய வைட் ரிசீவர் ஒப்பந்தம். ஹாகனிலிருந்து. எண்பத்துநாலு. முதன்முதலாகத் தலைக்கவசம் இல்லாத முகம், கீழே பெயர். டெனிஸ்டன் மூன்று முறை வாசித்தான். ஆரூரன் செல்வராசா.

எஃப் பிரிவின் கைபேசிக் குழுவில் தீப்பிடித்தது. அந்த அரை மணி நேரம் எஃப் பிரிவின் பொற்காலம். ஒன்பது பேரும் ஒரே கோபத்தில் இருந்தார்கள்.

முருகேசன் அண்ணை கடைசித் தரிப்பிடத்தில் பேருந்தை நிறுத்திவிட்டுக் குரல் அனுப்பினார்: "அவன் பந்து பிடிச்சால் நான் மேளத்திலை கை வைக்கமாட்டன். வைச்சால் என்ரை பேர் முருகேசன் இல்லை. தேனுஜா, இதை எழுது."

"எழுதியாச்சு அண்ணை."

கமலநாயகி அக்கா: "தமிழனோ? அப்ப அவ்வளவும் விளங்கினதோ? விளங்கியும் ஒரு சொல்லுச் சொல்லாமல் நிண்டவனோ? கள்ளன்."

"கள்ளன் இல்லை அக்கா, உளவாளி," என்று டெனிஸ்டன் எழுதினான். "தமிழ் தெரிஞ்சவன் தெரியாத மாதிரி நிண்டு கேக்கிறது துரோகம். நாங்கள் நம்பிக் கத்தினனாங்கள்." எஸ்-பானில் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போகுமளவுக்கு அவன் கட்டைவிரலால் கைபேசிக் கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்தான். அப்படியே ஒரு தீர்மானத்தையும் முன்வைத்தான். ஆரூரன் விளையாடும்வரை எஃப் பிரிவு அவன் பெயரைச் சொல்லாது, மேளம் அடிக்காது, அவன் பந்து பிடித்தால் திரும்பி நிற்கும். வெள்ளிக்கிழமை கழக வீட்டில் ரசிகர் சந்திப்பு, வாக்கெடுப்பு அங்கேயே. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். "தீர்மானம் தோற்றால் மெகாஃபோனைத் தாறன்," என்றும் எழுதினான்.

"அதையும் எழுதவோ?" என்று தேனுஜா கேட்டாள்.

"பெரிய எழுத்திலை எழுது."

நாலு மணி பத்துக்குக் கமலநாயகி அக்காவிடமிருந்து இன்னொரு செய்தி: "செல்வராசா எண்டால் எந்தச் செல்வராசா?"

டெனிஸ்டன் உடனே எழுதினான்: "அக்கா, தொடங்காதேங்கோ."

தொடங்கிவிட்டது. வியாழன் காலைக்குள் ஹாகனில் இருக்கும் எல்லாச் செல்வராசாக்களும் வரிசைப்படுத்தப்பட்டு, தேவையற்றவர்கள் கழிக்கப்பட்டார்கள். மத்தியானம் முருகேசன் அண்ணை மறுபடியும் குரல் அனுப்பினார். கோபம் இருந்தது, ஆனால் அது எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"தம்பி டெனிஸ்டன், அந்தப் பெடியன்ரை பெரியப்பாவின்ரை மருமகன் என்ரை தங்கச்சியின் புருசனுக்கு ஒண்டுவிட்ட தம்பி. எனக்கு மருமகன் முறை வருது. மேளம் அடிக்காமல் ஏலாது. நாளைக்கு ஒரு கலியாண வீட்டிலை நான் என்னெண்டு முகத்தைக் காட்டுறது?"

"பேர் முருகேசன் இல்லையெண்டு சொன்னனீங்கள்."

"சொந்தத்துக்குள்ளை சொன்ன சொல்லுச் சபதமில்லை, குடும்பக் கதை. தேனுஜா, வெட்டு."

யாப்பில் இதற்கு இடமில்லை என்று தேனுஜா சொன்னாள். ஆனால் மற்ற எட்டுப் பேரில் ஏழு பேர் கட்டைவிரலை உயர்த்தியதால், உறவினர் விடயத்தில் சபதங்கள் செல்லாது என்று குறிப்பில் ஏறியது. டெனிஸ்டன் கொதித்தான்.

"அண்ணை, கிணத்துக்குக் கட்டின கயிறும் இவ்வளவு நீளம் வராது. பந்துக்கு ஊர் தெரியுமோ? அது காத்திலை வரேக்கை 'தம்பி, நீர் எவடம்' எண்டு கேட்டிட்டோ கையிலை விழும்? முதுகெலும்பில்லாத கூட்டம். ஊரைக் கேட்ட உடனை கோபம் கரையிற ஒரே இனம் நாங்கள்தான்."

வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பேருக்கு ஆரூரன் சொந்தமாகியிருந்தான். ஆறாவது ஆளுக்குச் சொந்தம் கிடைக்கவில்லை. தன் அண்ணனும் ஆரூரனும் ஒரே தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள் என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

மாலை ஆறு மணிக்குக் கழக வீட்டுக் கதவு திறந்தது. வந்தவனைப் பார்த்து டெனிஸ்டன் முதலில் வேறு யாரோ என்று நினைத்தான். முருங்கைக்காயைக் காணவில்லை. கன்னம் உருண்டு, சட்டை இறுகி, கையில் ஒரு பெரிய துணிப்பையுடன் ஒருவன் நேராக அவனிடம் வந்தான்.

"நீர்தானே மெகாஃபோன்?"

"நீர் எங்களுக்கு விரல் காட்டினனீர்," என்றான் டெனிஸ்டன். மூன்று நாளாகச் சேர்த்து வைத்த கோபத்தோடு மேசையில் தட்டினான். "அறுநூறு பேருக்கு முன்னாலை."

"ஓம். மற்றவைக்கில்லை, உமக்குத்தான்."

"பாத்தீங்களோ, வாயாலையே ஒத்துக்கொள்ளுறான்."

"கதைச்சு முடிக்கவோ?" ஆரூரன் குரலை உயர்த்தவில்லை, அதனாலேயே எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். "என்னைப் பகிடி பண்ணினால் நான் சிரிச்சிட்டுப் போயிருப்பன். அண்டைக்கு அம்மா வந்தவ. முதல் முதலா மட்ச் பாக்க வந்தவ. உங்கட மூலைக்கு அங்காலை இருபது மீற்றரிலை இருந்தவ. நீர் பதினேழு தரம் கேட்டது அவவை."

எண்ணிக்கை சரியாக இருந்தது.

"வீட்டை போய் ஒண்டும் கதைக்கேல்லை. அடுத்த நாள் காலமை எனக்கு வழமையா வைக்கிற ஆறு இடியப்பம் பன்னிரண்டாச்சு. மத்தியானம் புட்டு. பயிற்சிக்குப் போகேக்கை ஒரு பெட்டி, வரேக்கை ஒரு பெட்டி. வேண்டாமெண்டால் அழுகிறா. சனம் மைக்கிலை கேக்குது எண்டுறா. எட்டு மாதத்திலை பதினொரு கிலோ. மாசியிலை ஓட்டப் பரீட்சை வைச்சாங்கள், அணியிலையே ஆகக் குண்டான தடுப்பாளன் எனக்கு முன்னாலை ஓடி முடிச்சிட்டுத் தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டான். ஹாகன் என்னை விட்டிட்டுது. எடுத்தது உங்கட கழகம் மட்டும்தான். நான் இங்கை ஆசைப்பட்டு வரேல்லை. என்னைக் கொண்டுவந்தது நீர்."

"ஒரு வசனத்தாலை பதினொரு கிலோ ஏறாது," என்றான் டெனிஸ்டன். "ரெண்டு விசயம் ஒரே காலத்திலை நடந்தால், ஒண்டு மற்றதுக்குக் காரணமெண்டு..."

ஆரூரன் துணிப்பையைத் திறந்து மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தான். "இது இண்டைக்குப் பின்னேரத்துக்கு மட்டும்."

கமலநாயகி அக்கா ஒரு மூடியைத் திறந்து, ஒரு விரலால் தொட்டு ருசி பார்த்தார். பிறகு டெனிஸ்டனை நோக்கித் திரும்பினார். புதன்கிழமை ஆரூரன்மேல் இருந்த கோபம் முழுவதும் ஒரு துளி சிந்தாமல் இங்கே வந்து சேர்ந்திருந்தது.

"இப்பிடிச் சமைக்கிற மனிசியையோடா சோறு போடுறேல்லையோ எண்டு கேட்டனி? நான் அண்டைக்கே சொன்னனான், தாயை இழுக்காதை எண்டு."

அவர் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு அதிகம் சிரித்தவர் அவர்தான். சிரித்த சிரிப்பில் ஒரு ரோல்ஸ் கீழே விழுந்ததை டெனிஸ்டன் கண்ணால் கண்டவன்.

"நீங்கள் எல்லாரும் சிரிச்சனீங்கள்," என்றான். "எட்டுப் பேரும். இப்ப நான் ஒருத்தன் குற்றவாளி?"

"நாங்கள் சிரிச்சனாங்கள். கேட்டது நீ," என்றார் முருகேசன் அண்ணை. "ஒண்டு பகிடி, மற்றது குற்றம்."

வாக்கெடுப்பு ஒரு நிமிடத்தில் முடிந்தது. தீர்மானத்துக்கு ஆதரவு ஒன்று, எதிர் எட்டு. தேனுஜா அலுவலகக் குரலில் குறிப்பை வாசித்தாள்: "தீர்மானம் தோல்வி. உறுப்பினர் டெனிஸ்டன் மெகாஃபோனை ஞாயிறு ஆட்டத்துக்கு முன் ஒப்படைப்பார்."

"நீ என்ரை பக்கம் எண்டு நினைச்சன்," என்றான் அவளிடம்.

"பெரிய எழுத்திலை எழுதச் சொன்னது நீ."

"ஞாயிறு நான் எங்கை இருக்கிறது? என்னத்தைக் கத்துறது?"

"முருகேசன் அண்ணை 'ஹா' எண்டுவார். நீ 'மர்ஸ்' எண்டு சொல்லு."

அதைக் கேட்டதும் அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். முருகேசன் அண்ணை ஏற்கெனவே தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டிருந்தார். துரோகிகள், இடியப்பத்துக்கு விலைபோனவர்கள், இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று டெனிஸ்டன் வரிசையாகச் சொன்னான். அப்போது மற்றவர்கள் அவனைப் பார்க்காமலே புட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

"சும்மா கத்தாதை," என்றார் கமலநாயகி அக்கா, வாயில் புட்டோடு. "உனக்கும் அவன் ஏதும் முறையெண்டால் உன்ரை சொல்லும் சபதமில்லை, செல்லாது, மெகாஃபோன் உன்னட்டையே இருந்திருக்கும். குறிப்பிலை கிடக்குது. ஆனால் நீ ஊர் கேக்காத ஆள்."

"கேக்கமாட்டன்," என்றான் டெனிஸ்டன். கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போனான்.

வெளியே இன்னும் வெயில். வாகனத் தரிப்பிடத்தின் கடைசி மூலைக்குப் போய், குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டான். கைபேசியை எடுத்தான், வைத்தான், திரும்ப எடுத்தான். மறுமுனையில் தாய் அன்ரனிற்றா, பின்னால் தொலைக்காட்சி.

"அம்மா, சாப்பிட்டிட்டீங்களோ?"

"என்னடா புதுசா? என்ன வேணும்?"

"ஒண்டுமில்லை. சும்மா." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஹாகனிலை ஒரு செல்வராசா குடும்பம் இருக்கு. ஒரு பெடியன், பந்து விளையாடுறவன்."

"எந்தச் செல்வராசா?"

டெனிஸ்டன் கழக வீட்டு யன்னலைப் பார்த்தான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"அதைத்தான் கேக்கிறன். அவை எந்த ஊர்?"

தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தாய் அவன் சொல்வதைக் கவனமாகக் கேட்டார். தகப்பன் யார், எந்த ஆண்டு வந்தவர், முதலில் எந்த அகதி முகாமில் இருந்தவர் என்று விசாரித்தார். குழுவில் படித்த அளவுக்கு டெனிஸ்டன் பதில் சொன்னான். தாய் ஓம் என்றார், இல்லை என்றார், கொஞ்சம் யோசித்தார்.

"தேப்பன் வழியாலை எங்களுக்கு ஒருத்தரும் வரமாட்டினம்," என்றார் கடைசியில். "தாய் வழியாலை வரலாம். தாயின்ரை பேர் என்ன, அவ எவடம்? அதைக் கேட்டுச் சொல்லு."

"ஃபோனை வைக்காதேங்கோ. வாறன்."

டெனிஸ்டன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தான் அடித்துச் சாத்திய கதவை மெல்லத் திறந்து, புட்டுப் பெட்டிகளைத் தாண்டி, ஆரூரனுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"அம்மா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டான்.